ஃபேஷன் பத்திரிகையில் சேர, மலையை விட்டு இறங்கும் முன்

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து, பி.ஏ. ஆங்கிலம் இறுதி ஆண்டு படிக்கும் ஒரு பெண் கேட்டிருக்கிறார்: “அக்கா, ஃபேஷன் பத்திரிகையில் வேலை பார்க்க வேண்டும் என்பது பள்ளி நாளிலிருந்தே ஆசை. நிஃப்ட் (தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம்) படிக்கவில்லை. மும்பையில் யாரையும் தெரியாது. வீட்டில் பி.எட். சேரச் சொல்கிறார்கள். எனக்கு வாய்ப்பு இருக்கிறதா? எங்கிருந்து தொடங்குவது? அப்பாவிடம் எப்படிச் சொல்வது?”

அக்கா என்று கூப்பிட்டுவிட்டதால் நீ என்றே எழுதுகிறேன். நான் குன்னூர்க்காரி. மும்பையில் ஃபேஷன் டெஸ்க் உதவியாளராகத் தொடங்கி, இப்போது ஸ்டைலிங்கும் (படத்துக்கு உடை, நகை, செருப்பு தேர்ந்தெடுத்து அணிவிக்கும் வேலை) எழுத்துமாக ஃப்ரீலான்ஸ் செய்கிறேன். உனக்கு வாய்ப்பு இருக்கிறது. ஆனால் ‘எனக்கு ஃபேஷன் என்றால் உயிர்’ என்று தொடங்கும் விண்ணப்பத்தை யாரும் இரண்டாவது வரிக்கு மேல் படிப்பதில்லை. வருகிற எல்லா விண்ணப்பமும் அப்படித்தான் தொடங்குகிறது. செய்து முடித்த வேலை நாலைந்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவரைத்தான் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். அந்த நாலைந்தை நீ இருக்கும் இடத்திலேயே செய்யலாம். சொல்லப்போனால், மும்பையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கிடைக்காத சரக்கு உன்னைச் சுற்றிக் கிடக்கிறது.

முதலில் அந்த அலுவலகத்துக்குள் யார் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள். இதழின் முன்பக்கங்களில் ஆசிரியர் குழுவின் பெயர்ப் பட்டியல் இருக்கும். எல்லோரும் புரட்டிவிட்டுப் போகும் பக்கம் அது. நீ அங்கிருந்து படிக்கத் தொடங்கு. ஃபேஷன் பிரிவு உடைகளைத் தேர்ந்தெடுத்து ஷூட் நடத்தும். ஃபீச்சர்ஸ் பிரிவு கட்டுரையும் பேட்டியும் பார்க்கும். அழகுக்குத் தனிப் பிரிவு. ஆர்ட் பிரிவு பக்கம் வடிவமைக்கும். காப்பி டெஸ்க் பிழையையும் விவரத்தையும் சரிபார்க்கும். இப்போது ஆள் எடுப்பது அதிகம் டிஜிட்டல் பிரிவில்தான். அச்சுப் பக்கங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. ‘ஃபேஷன் பத்திரிகையில் வேலை’ என்று பொதுவாகக் கேட்டால் யாருக்கும் பதில் சொல்லத் தெரியாது. ‘ஃபீச்சர்ஸில் இன்டர்ன்ஷிப்’, ‘ஸ்டைலிஸ்ட்டுக்கு உதவியாளர்’ என்று கேட்டால் பதில் வரும்.

ஸ்டைலிஸ்ட்டின் உதவியாளர் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வெளியே இருப்பவர்கள் கற்பனை செய்வதற்கும் நிஜத்துக்கும் தூரம் அதிகம். ஒரு ஷூட்டுக்கு என்ன மனநிலை, என்ன நிறம் என்று ஆசிரியர் முடிவு செய்ததும், பிராண்டுகளுக்கும் அவர்களுடைய பி.ஆர். (மக்கள் தொடர்பு) ஆட்களுக்கும் மெயில் அனுப்பி உடைகளை வரவழைப்பது உன் பொறுப்பு. பக்கத்தில் பத்து உடை வரப்போகிறது என்றால் முப்பது, நாற்பது உடை வந்து இறங்கும். ஒவ்வொன்றையும் படம் எடுத்து, எந்தக் கடை, என்ன அளவு, என்ன விலை, எப்போது திருப்ப வேண்டும் என்று பதிந்து வைக்க வேண்டும். ஷூட்டுக்கு முந்தைய இரவு எல்லாவற்றையும் ஸ்டீமரில் சுருக்கம் எடுக்க வேண்டும். செருப்பின் அடிப்பாகத்தில் கீறல் விழாமல் டேப் ஒட்ட வேண்டும். அது கடைக்குத் திரும்பி விற்பனைக்குப் போகப்போகும் செருப்பு. மாடலுக்கு உடை தொளதொளவென்று இருந்தால் முதுகுப் பக்கம் கிளிப் போட்டுப் பிடிக்க வேண்டும். முடிந்ததும் பவுடர், லிப்ஸ்டிக் கறை இருக்கிறதா என்று பார்த்து, பட்டியலோடு ஒத்துப்பார்த்து, சொன்ன தேதியில் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு கம்மல் தொலைந்தாலும் பதில் சொல்ல வேண்டியது நீதான்.

அதற்குப் பிறகும் வேலை இருக்கிறது. படத்துக்கு ஓரத்தில் பொடி எழுத்தில் உடை, நகை, செருப்பு யாருடையது, என்ன விலை என்று அச்சாகும் கிரெடிட் வரியை எழுதுவதும் உதவியாளர்தான். அதில் ஒரு பெயர் பிசகினால், அடுத்த முறை அந்த பிராண்ட் உடை தராது. ஆகவே முதல் ஆண்டில் உன்னைக் காப்பாற்றப்போவது ரசனையைவிட ஒழுங்கு. ரசனை எல்லோருக்கும் கொஞ்சம் இருக்கிறது. வந்த பொருளை வந்தபடி திருப்பி அனுப்பும் பழக்கம் இருப்பவர்கள் குறைவு, அப்படிப்பட்டவர்களை யாரும் விடுவதில்லை.

இன்னொன்று, மாத இதழ்கள் இரண்டு மூன்று மாதம் முன்னால் ஓடும். டிசம்பர் இதழுக்கான படங்கள் செப்டம்பர், அக்டோபரிலேயே எடுக்கப்பட்டுவிடும். கிறிஸ்துமஸ் யோசனையை நவம்பரில் அனுப்பினால் அது எவ்வளவு நல்ல யோசனையாக இருந்தாலும் பயனில்லை. டிஜிட்டலுக்கு இந்தக் கணக்கு கிடையாது. ஒரு வாரம், சில சமயம் ஒரே நாள்.

வேலை எங்கே? பெரும்பாலும் மும்பை. 1959இல் தொடங்கிய ஃபெமினா, 1996இல் வந்த எல் (Elle), 2007இல் வந்த வோக் எல்லாம் அங்கேதான் வேரூன்றின. இந்தியா டுடே குழுமத்தின் ஹார்ப்பர்ஸ் பஜார், காஸ்மோபாலிட்டன் டெல்லிப் பக்கம். சென்னையில் ஜே.எஃப்.டபிள்யூ. (ஜஸ்ட் ஃபார் விமன்) இதழ் இருக்கிறது. அவள் விகடன் மாதிரியான தமிழ்ப் பெண்கள் இதழ்களை ஃபேஷன் பத்திரிகை என்று யாரும் சொல்வதில்லை. ஆனாலும் துணி, தையல், நகை, சிறுதொழில் என்று அவற்றில் வரும் பக்கங்கள் நல்ல பயிற்சிக்களம். பல பத்தாண்டுகளாக விகடன் நடத்திவரும் மாணவப் பத்திரிகையாளர் பயிற்சித் திட்டத்தைக் கவனித்து வா. கல்லூரி மாணவர்களுக்கானது என்பதால், எந்த ஆண்டு படிப்பவர்கள் விண்ணப்பிக்கலாம் என்பதை அறிவிப்பு வரும்போது பார்த்துக்கொள். ஊர் ஊராகப் போய் ஆட்களிடம் பேசி, சொன்ன நேரத்துக்குள் எழுதிக் கொடுக்கும் பழக்கம் எந்தப் பத்திரிகைக்குப் போனாலும் கைகொடுக்கும்.

படிப்பு விஷயத்தில் என் கருத்து இது. நிஃப்ட்டின் ஃபேஷன் கம்யூனிகேஷன் நாலாண்டு இளநிலைப் படிப்பு. ஒரு பட்டம் முடித்துவிட்டு மறுபடி அதில் போய் உட்கார வேண்டாம். ஆர்ட் பிரிவுக்குப் போக வேண்டும் என்றால் டிசைன் படிப்பு அவசியம். எழுத்துக்கோ ஸ்டைலிங்குக்கோ அவசியம் இல்லை. எழுத்துதான் உன் வழி என்றால் சென்னை ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் ஓராண்டு முதுநிலை டிப்ளமோ இருக்கிறது. கட்டணம் அதிகம், ஆனால் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். அதுவும் தரமணி, 1995இல் தொடங்கிய சென்னை நிஃப்ட்டும் தரமணி. அங்கே ஓராண்டு இருந்தால் படம் எடுக்கும், உடை தைக்கும் பிள்ளைகளோடு சேர்ந்து ஷூட் செய்யலாம். என்னைக் கேட்டால் வகுப்பைவிட அந்தப் பழக்கத்துக்கே மதிப்பு அதிகம்.

சரி, இப்போது உன் கையில் இருக்கும் சரக்குக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

தோடர் பூவேலையை எடுத்துக்கொள். முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் ஓடும். கோடு வரைந்துகொள்வது கிடையாது, துணியை இழுத்துப் பிடிக்கும் சட்டம் கிடையாது. பாவையும் ஊடையையும் விரலால் எண்ணி எண்ணி ஊசி போடுகிறார்கள். முடிந்த துணியைத் தள்ளி வைத்துப் பார்த்தால் தறியிலேயே நெய்தது போல இருக்கும். இரண்டு பக்கமும் பயன்படுத்தலாம். 2013இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த விண்ணப்பத்தில் உங்கள் கோத்தகிரியில் இருக்கும் கீஸ்டோன் அறக்கட்டளைக்கும் பங்கு உண்டு. இதைப் பற்றி ஊட்டிக்குச் சுற்றுலா வந்த எல்லோரும் எழுதிவிட்டார்கள். ‘அழிந்துவரும் கலை’ என்று தலைப்பு வைத்து, நாலு படம் போட்டு முடித்துவிடுவார்கள். நீ அப்படி எழுதாதே. ஒரு போர்வை முடிய எத்தனை வாரம் ஆகிறது, நூல் எங்கிருந்து வருகிறது, கடையில் விற்கும் விலையில் தைத்தவர் கைக்கு எவ்வளவு போகிறது, அதே டிசைனை மெஷினில் அச்சடித்து விற்பவர்களைப் பற்றி அந்தப் பெண்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேள். பூத்துக்குளி என்று தோடர்கள் சொல்லும் அந்தப் போர்வையைத்தான் இறந்தவருக்கும் போர்த்தி அனுப்புகிறார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு எழுது. அது தெரியாத ஸ்டைலிஸ்ட் அதை நீச்சலுடைக்கு மேல் போர்த்திப் படம் எடுப்பார். உனக்கு அது தெரிந்திருப்பதால் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியும். ஆசிரியர் குழுவில் அப்படிச் சொல்லக்கூடிய ஒருவர் இருப்பது அந்த இதழுக்கே நல்லது.

கம்பளி இன்னொரு கதை. ஊட்டி தாவரவியல் பூங்கா அருகே திபெத்தியர்கள் ஸ்வெட்டர் விற்கும் கடைகளை எல்லோரும் பார்த்திருப்போம். கம்பளிப் பின்னலுக்கு நாட்டிலேயே பெரிய ஊர் லூதியானா. இந்தக் கடைகளுக்கு எந்த மாதம், யார் மூலம் சரக்கு வருகிறது என்று கேட்டுப் பார். அதே நேரம் நீலகிரிச் செம்மறி என்று நம் பெயரிலேயே ஓர் ஆட்டினம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உள்ளூர் ஆட்டோடு மெரினோ போன்ற வெளிநாட்டு இனங்களைக் கலந்து உருவானது. மெல்லிய ரோமம் தரும். சாண்டிநல்லாவில் அதற்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. பழனி மலைப் பக்கம் போனால் கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி மையத்தில் பாரத் மெரினோ வளர்க்கிறார்கள். ரோமம் இங்கே வளர்கிறது, குளிரும் இங்கேதான், ஆனால் நாம் போட்டிருக்கும் ஸ்வெட்டர் வேறெங்கிருந்தோ வருகிறது. ஏன்? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு கத்தரிப்பு, நூற்பு, விலை என்று பின்னால் போனால் எந்த இதழும் போடக்கூடிய கட்டுரை கிடைக்கும்.

கேத்தி எல்லநள்ளியில் 1949இலிருந்து ஊசி செய்கிறார்கள். போனி ஊசி அங்கிருந்துதான் போகிறது. உறைவிடப் பள்ளிகளுக்கு பிளேசர் தைத்தே தலைமுறையாகப் பிழைக்கும் தையல்காரர்கள் இருக்கிறார்கள். தோள் எப்படி உட்கார வேண்டும் என்பதை அவர்களிடம் ஒரு வாரம் பக்கத்தில் இருந்து பார்த்தால் போதும். ஹெத்தை ஹப்பா திருவிழாவுக்கு வெள்ளையில் திரண்டு வரும் படுகப் பெண்களின் உடை, அதைக் கட்டும் முறை, இன்றைய பிள்ளைகள் அதை எப்படி அணிகிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள். கொடைக்கானல்காரர்களுக்கு மலை இறங்கினால் திண்டுக்கல் பக்கம் சின்னாளபட்டிச் சேலை. பட்டியலை இதோடு நிறுத்துகிறேன், மீதியை நீயே கண்டுபிடிப்பாய்.

எழுதி முடித்த கட்டுரையை அனுப்புவதற்கு முன், யோசனையை மெயிலில் அனுப்ப வேண்டும். ‘தேயிலைத் தோட்டப் பெண்களின் உடை பற்றி எழுதலாமா?’ என்று கேட்டால் அது தலைப்பு மட்டும்தான். இப்படி எழுதிப் பார்: “கோத்தகிரி எஸ்டேட்டுகளில் கொழுந்து பறிக்கும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போடுகிறார்கள், இடுப்பில் பிளாஸ்டிக் தாளோ சாக்கோ கட்டுகிறார்கள், தலைக்கு ஒரு துணி. பனி, முள், அட்டைப்பூச்சி, கூடையின் வார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. இந்த உடையை யாரும் வடிவமைக்கவில்லை, வேலை வடிவமைத்தது. பேச ஒப்புக்கொண்ட மூன்று பெண்கள், அவர்களுக்குச் சட்டை மாற்றித் தைத்துக் கொடுக்கும் ஒரு தையல்காரர், அவர்கள் சம்மதத்தோடு எடுத்த படங்கள். எண்ணூறு சொற்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் நேரத்துக்குப் பொருந்தும்.” இதில் ஆள் இருக்கிறது, காரணம் இருக்கிறது, நேரம் இருக்கிறது. ஒரு மெயிலில் ஒரு யோசனை மட்டும். உன்னைப் பற்றி இரண்டு வரி. பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒரே ஒரு முறை நினைவூட்டு. அதற்கும் பதில் இல்லையென்றால் வேறு இதழுக்கு அனுப்பு. ஒரே யோசனையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பாதே.

அந்தப் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. தேயிலைத் தோட்டத்தில் நடக்கும் ஷூட்டுகளில் அவர்களை மாடலுக்குப் பின்னால் நிற்க வைத்து, பெயரும் போடாமல், கூலியும் தராமல் அனுப்பிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எனக்கு அது தாங்காது. நீ வேலை செய்யும் ஷூட்டில் அரை நாள் நின்றவர்களுக்கு அரை நாள் கூலியும், அவர்கள் விரும்பினால் கிரெடிட்டில் பெயரும் கேள். இன்டர்ன் கேட்கலாமா என்று தயங்காதே. ஷூட்டுக்கான செலவுத் திட்டம் போடும்போதே கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள்.

ஸ்டைலிங்தான் ஆசை என்றால் உனக்கு இன்னொரு வழி உண்டு. சினிமாவும் விளம்பரமும் இங்கே வருவது உனக்கே தெரியும். கோவை, திருப்பூர் ஜவுளிக்காரர்களும் கேட்டலாக் எடுக்க மலை ஏறி வருகிறார்கள். அவர்களுக்கு உள்ளூரில் விவரம் தெரிந்த ஓர் ஆள் கட்டாயம் தேவை. பூங்காவில் எடுக்க தோட்டக்கலைத் துறையிடம் அனுமதி, காட்டுக்குள் வனத்துறையிடம், எஸ்டேட்டில் உரிமையாளரிடம். 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். தடை இருப்பது தெரியாமல் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலோடு வந்து சோதனைச் சாவடியில் நிற்கும் யூனிட்டுகள் உண்டு. மூடுபனி எந்த மலைச்சரிவில் எத்தனை மணிக்கு ஏறும், வெயில் எங்கே முதலில் விழும், உடை மாற்ற, ஸ்டீமர் போட மின்சாரம் உள்ள அறை எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். கோவையில் இருக்கும் புகைப்படக்காரர்கள், ஸ்டைலிஸ்ட்டுகள் சிலருக்கு ‘மேலே ஷூட் என்றால் உதவிக்கு வருகிறேன்’ என்று எழுதி வை. பையில் ஊக்கு, இருபக்க டேப், கிளிப், ஊசிநூல், கத்தரிக்கோல், ரோமம் எடுக்கும் ரோலர், குளிரில் நிற்கும் மாடலுக்குப் போர்த்த ஒரு சால்வை. இவ்வளவு போதும்.

துணியைத் தொட்டுப் பழகு. கைத்தறிக்கும் விசைத்தறிக்கும், நெய்ததற்கும் பின்னியதற்கும் வித்தியாசம் தெரியாமல் ஃபேஷன் எழுதுபவர்கள் நிறையப் பேர். காஞ்சிப் பட்டில் கரையும் உடலும் கோர்வையாக இணைவது எப்படி என்று ஒரு நெசவாளர் வீட்டில் உட்கார்ந்து பார். திருப்பூருக்கு ஒரு நாள் போய் நூல் ரகத்திலிருந்து சாயம், பின்னல், தையல் வரை பார்த்து வா. பார்க்கும் துணியைச் சரியான பெயரோடு எழுதத் தெரிந்தாலே காப்பி டெஸ்க்கில் உன் மேல் மரியாதை வந்துவிடும். மொழி விஷயத்தில், ஆங்கிலத்தில் சுத்தமாக எழுது, தமிழை விட்டுவிடாதே. தமிழ்நாட்டு நெசவைப் பற்றி நேரடியாகத் தமிழில் பேசி விவரம் எடுக்கத் தெரிந்தவர்கள் மும்பை அலுவலகங்களில் அரிது. கொஞ்சம் இந்தி, போய்ச் சேர்ந்தபின் தானாக வரும்.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். இன்டர்ன்ஷிப் பல இடங்களில் சம்பளம் இல்லாதது, அல்லது பெயருக்கு ஓர் உதவித்தொகை. மும்பையில் அதை வைத்து வாடகை கொடுக்க முடியாது. வசதியான வீட்டுப் பிள்ளைகளே இந்தத் துறையில் அதிகம் இருப்பதற்கு இது ஒரு காரணம். அது நியாயமில்லை என்றுதான் நினைக்கிறேன். அதனால் முதலில் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய டிஜிட்டல் எழுத்து வேலை, அதன் பிறகு சென்னை, ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணம் சேர்ந்த பிறகு மும்பை. இந்த வரிசையில் போ. சேரும் முன் உதவித்தொகை எவ்வளவு, போக்குவரத்துச் செலவு யாருடையது, பெயர் போடுவார்களா என்று மெயிலில் கேட்டு வாங்கிக்கொள்.

எந்தப் பத்திரிகையும் வேலை தருவதற்குப் பணம் வாங்காது. ‘அட்டைப்படத்தில் போடுகிறோம்’, ‘போர்ட்ஃபோலியோ எடுத்துத் தருகிறோம், இவ்வளவு கட்டுங்கள்’ என்று இன்ஸ்டாகிராமில் வரும் அழைப்புகளை அப்படியே விட்டுவிடு. டெஸ்ட் ஷூட் என்று யாராவது ரிசார்ட்டுக்குக் கூப்பிட்டால் தனியாகப் போகாதே. குழுவில் யார் யார், எத்தனை மணிக்கு முடியும் என்று எழுத்தில் கேள். ஒழுங்கான ஷூட் என்றால் அந்த விவரம் எல்லாம் எழுதிய கால்ஷீட் முந்தைய நாளே வந்துவிடும்.

கடைசியாக அப்பா. ‘ஃபேஷன்’ என்று மட்டும் சொன்னால் வீட்டில் அவர்கள் பார்த்தது ராம்ப்பும் சினிமாவும்தான், பயப்படத்தான் செய்வார்கள். ‘பத்திரிகை’ என்று தொடங்கு. உன் பெயர் போட்டு வந்த முதல் கட்டுரையைக் கொண்டுபோய்க் காட்டு; அதற்குத்தான் முதலில் தமிழ் இதழில் எழுதச் சொல்கிறேன், அப்பாவும் படிப்பார், பக்கத்து வீட்டிலும் படிப்பார்கள். பி.எட். விண்ணப்பத்தை இப்போதே கிழித்துப் போட வேண்டாம். ஓராண்டு அவகாசம் கேள். இந்த ஓராண்டில் மூன்று கட்டுரை, ஒரு ஷூட்டில் உதவி, ஒரு இன்டர்ன்ஷிப் என்று என்ன செய்யப்போகிறாய் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடு. வெளியூர் வாய்ப்பு வரும்போது நிறுவனத்தின் கடிதம், தங்கப்போகும் பெண்கள் விடுதியின் முகவரி, அங்கே பேச ஒரு தொலைபேசி எண் மூன்றையும் சேர்த்து அவர் கையில் கொடு. அவர் வந்து இடத்தைப் பார்க்க வேண்டும் என்றால் கூட்டிக்கொண்டு போ. முதல் யோசனையை இந்த வாரமே எழுதிவிடு. அனுப்பும் முன் எனக்கு ஒரு நகல் அனுப்பினால் படித்துச் சொல்கிறேன்.